கையில் 30 இலட்சம்: வைப்பா, பங்குலாபமா, யூனிட் ட்ரஸ்ட்டா?

ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு திருகோணமலைச் சீனக்குடாவில் வேலையை விட்டு வந்தவர், ஓய்வூதியத்தோடு பணிக்கொடையும் கிடைத்த ஆசிரியை, கனடாவில் இருந்து மகன் அனுப்புவதைத் தொடாமல் சேர்த்து வைத்திருக்கும் அம்மா என்று பலர் கேட்பது ஒரே கேள்விதான். "வங்கி வட்டி இவ்வளவு இறங்கிப் போச்சு. கொம்பனிப் பங்கு வாங்கிவிட்டால் மாதா மாதம் ஏதும் வருமோ?"

மாதா மாதம் வராது. வருடத்துக்கு ஒன்று, இரண்டு, சில கொம்பனிகளில் நான்கு தடவை வரும். வராத வருடங்களும் உண்டு. இருந்தும் பங்குலாபத்தை, அதாவது கொம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தருவதை, முழுதாக ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். எந்தக் காசை எதில் போடுவது என்பதுதான் பார்க்க வேண்டியது.

எதை வைத்து ஒப்பிடுவது?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வீதத்தை வைத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழையாகிவிடும். நான் பார்ப்பது இவை: வரியும் கட்டணமும் போகக் கையில் என்ன வரும், அது எந்த மாதத்தில் வரும், விலைவாசி ஏறும்போது வருமானமும் ஏறுமா, அவசரமென்றால் முதலை எடுக்க முடியுமா, எவ்வளவு நட்டத்தில், கொடுத்த இடம் கவிழ்ந்தால் யார் பொறுப்பு. ஆறாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். நீங்கள் இல்லாத காலத்தில் வீட்டில் இருப்பவர் இதைக் கண்டுபிடித்து எடுக்க முடியுமா?

கணக்குப் பார்க்க 30 இலட்சம் ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு வருட வைப்புக்கு 8 வீதம், நல்ல கொம்பனிகளின் பங்குலாபம் சராசரியாக 5 வீதம் என்று வைப்போம். நீங்கள் போகும் நாளில் இவை கொஞ்சம் மாறியிருக்கும், கணக்கின் வழி மாறாது. வரி விதிகள் 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ளவை. அட்டவணையில் வரும் திறைசேரி உண்டியலும் முறியும் அரசுக்கு நாம் கொடுக்கும் கடன், யூனிட் ட்ரஸ்ட் பலரின் காசைச் சேர்த்து முதலிடும் நிதியம். ஒவ்வொன்றையும் கீழே பார்ப்போம்.

| | நிலையான வைப்பு | திறைசேரி உண்டியல், முறி | பங்குகள் | யூனிட் ட்ரஸ்ட் |
|---|---|---|---|---|
| காசு வரும் நேரம் | மாதாந்தம் அல்லது முதிர்வில் | உண்டியல் முதிர்வில், முறி 6 மாதத்துக்கு ஒருமுறை | கொம்பனி அறிவிக்கும்போது | நீங்கள் அலகை விற்கும்போது |
| விலைவாசியோடு ஏறுமா | இல்லை | இல்லை | ஏறலாம் | பங்கு நிதியம் என்றால் ஏறலாம் |
| முதல் குறையுமா | குறையாது | முதிர்வு வரை வைத்திருந்தால் குறையாது | குறையும் | பணச் சந்தை நிதியத்தில் அரிது, பங்கு நிதியத்தில் குறையும் |
| மறைந்திருக்கும் செலவு | இடையில் முறித்தால் வட்டி வெட்டு | இடையில் விற்றால் அன்றைய விலை | வாங்க 1.12, விற்க 1.12 வீதம் | முகாமைக் கட்டணம், சிலதில் நுழைவு, வெளியேற்றக் கட்டணம் |
| பாதுகாப்பு | காப்புறுதி 11 இலட்சம் வரை | அரசு | இல்லை | சொத்து நம்பிக்கைப் பொறுப்பாளர் வங்கியிடம் |

நிலையான வைப்பு

30 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் வருடம் 2,40,000, மாதம் 20,000. வட்டியை மாதாந்தம் எடுக்கும் வைப்புக்கு வீதம் கொஞ்சம் குறைவாகத்தான் தருவார்கள். வட்டியில் 10 வீதத்தை முற்பண வருமான வரியாக வங்கி பிடிக்கும். அதோடு மாதம் 18,000 ஆகிவிடும். உங்கள் வரிக்குரிய வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து இந்தப் பிடிப்பை நிறுத்தலாம். பலர் கொடுப்பதில்லை. ஏப்ரலில் புதிய வரி ஆண்டு தொடங்கும்போது கிளைக்குப் போய்க் கேளுங்கள், தாங்களாக ஞாபகப்படுத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். 60 வயது தாண்டியவர்கள், 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த மூத்த பிரஜைகளுக்கான மேலதிக வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். அது 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்குரியது.

வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். 30 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டால் 19 இலட்சம் அந்தக் குடைக்கு வெளியே நிற்கும். மூன்று நிறுவனங்களாகப் பிரித்தால் முழுதும் உள்ளே வந்துவிடும். தேசிய சேமிப்பு வங்கியில் உள்ள வைப்புக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு.

நிதிக் கொம்பனிகள் ஒன்றிரண்டு வீதம் கூடத் தருகின்றன. போடலாம், ஆனால் 11 இலட்சத்தைத் தாண்டாமல். 2020 மே மாதத்தில் த ஃபினான்ஸ் கொம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது காப்புறுதியில் உடனே கிடைத்தது உச்சபட்சம் 6 இலட்சம்தான். அதற்கு மேல் போட்டிருந்த வயதானவர்கள் பட்ட பாடு ஊருக்குத் தெரியும்.

வைப்பின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2022 இல் வட்டி 20 வீதத்தைத் தாண்டியபோது எல்லோரும் ஒரு வருடத்துக்குப் போட்டார்கள். "பத்து இலட்சத்துக்கு இரண்டு இலட்சம் வட்டி" என்று வீட்டுச் செலவையும் அதற்கேற்பக் கூட்டிக்கொண்டார்கள். புதுப்பிக்கப் போனபோது வீதம் இறங்கத் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இன்னும் இறங்கியது. இறங்காதது சாமான் விலை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். பிறகு பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்களே தவிர, ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. வைப்பில் இருக்கும் 30 இலட்சம் பத்து வருடத்திலும் அதே 30 இலட்சம்தான்.

திறைசேரி உண்டியலும் முறியும்

உண்டியல் 91, 182, 364 நாட்களுக்கு. முகப்புப் பெறுமதியைவிடக் குறைவான விலைக்கு வாங்கி, முதிர்வில் முழுப் பெறுமதியையும் எடுப்பீர்கள். வட்டி என்று தனியாக ஒன்றும் வராது. முறி நீண்ட காலத்துக்குரியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். வங்கி வழியாகவோ முதனிலை வணிகர் (அரச உண்டியல், முறிகளை விற்க மத்திய வங்கி நியமித்தவர்) வழியாகவோ வாங்கலாம். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது தனியாட்களின் உண்டியல்களில் கை வைக்கவில்லை, வங்கி வைப்புகளிலும் வைக்கவில்லை. வட்டி இன்னும் இறங்கும் என்று நினைப்பவருக்கு நான்கைந்து வருட முறி நல்லது, இன்றைய வீதத்தை அத்தனை வருடத்துக்கும் கட்டிப்போடலாம். ஆனால் இடையில் விற்கப் போகிறவர் முறியின் பக்கம் போகக் கூடாது. வட்டி வீதம் ஏறினால் முறியின் விலை இறங்கும்.

பங்குலாபம் தரும் பங்குகள்

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போவோம். கேள்வி வந்ததே இதைப் பற்றித்தான்.

முதலில் செலவு. 30 இலட்சத்துக்குப் பங்கு வாங்கினால் தரகும் மற்ற வரிகளும் சேர்ந்து 1.12 வீதம், அதாவது 33,600 ரூபாய் வாங்கும் அன்றே போய்விடும். 5 வீதப் பங்குலாபம் 1,50,000. அதில் கொடுக்கும் முன்பே பிடிக்கும் 15 வீதம் நிறுத்திவைத்தல் வரி போக 1,27,500. இது இறுதி வரி. வருமானம் குறைந்தவர் பிரகடனம் கொடுத்துத் தப்பும் வழி இங்கே இல்லை. 18 இலட்சத்துக்குள் வருமானம் உள்ளவர் வைப்பு வட்டியில் ஒரு சதமும் வரி கட்டத் தேவையில்லை, அதே ஆள் பங்குலாபத்தில் 15 வீதம் கட்டுகிறார். தரகர்களின் கருத்தரங்குகளில் இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, கையில் வருவது 8 வீதத்துக்கு எதிராக 4.25 வீதம். கொம்பனி தன் பங்குலாபத்தை வருடா வருடம் 10 வீதம் கூட்டிக்கொண்டே போகிறது என்று வைத்தாலும், எட்டாவது வருடத்தில்தான் அந்த வருட வரவு வைப்பின் வரவைத் தாண்டும். அதுவரை விட்ட இடைவெளியையும் சேர்த்துப் பிடிக்க 13 வருடம் ஆகும். 60 வயதில் தொடங்கினால் 73. பங்கின் விலை ஏறுவதை இதில் சேர்க்கவில்லைதான். ஆனால் வருமானத்துக்காக வாங்குகிறவர் விற்கப் போவதில்லை என்பதால் அந்த ஏற்றம் அவரது சமையலறைக்கு வந்து சேராது. 45 வயதுக்காரருக்கு இதே கணக்கு நேர்மாறாகச் சொல்லும்: 58 வயதில் வைப்பை முந்தி, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வருமானம்.

அடுத்தது, காசு வரும் காலம். வங்கிகளின் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது, இறுதிப் பங்குலாபம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலை ஒட்டி வரும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கொம்பனிகளுடையது ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, யூலை, ஆகஸ்ட் பக்கம். இடைக்காலப் பங்குலாபம் என்று சிலது நடுவில் தரும். மின்சாரக் கட்டணம் இந்தக் கலண்டரைப் பார்த்து வருவதில்லை. வங்கிகள் சில வருடங்களில் ஒரு பகுதியைக் காசாகவும் மீதியைப் புதிய பங்குகளாகவும் கொடுக்கின்றன. நீண்டகாலத்துக்கு அது நல்லதே. வருமானத்துக்காக இருப்பவருக்கு அதை விற்றால்தான் காசு.

"இந்தப் பங்கு 14 வீதம் தருதாம், அந்தப் பங்கு 6 தான் தருது" என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 14 ஆனது பங்குலாபம் கூடியதாலா, விலை விழுந்ததாலா? 100 ரூபாய்ப் பங்கு 7 ரூபாய் தந்தால் 7 வீதம். விலை 50 ஆக விழுந்தால் அதே 7 ரூபாய் 14 வீதமாகத் தெரியும். விலை விழக் காரணம் இருந்திருக்கும், அடுத்த வருடம் அந்த 7 வருமா என்பது சந்தேகம். காணி ஒன்றை விற்ற வருடத்தில் கொடுத்த விசேட பங்குலாபமும் இப்படித்தான் கண்ணைக் கட்டும். ஆண்டறிக்கையில் பங்கொன்றுக்கான உழைப்பையும் (ஒரு பங்குக்குக் கொம்பனி ஈட்டிய இலாபம்) பங்கொன்றுக்கான பங்குலாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். உழைப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது நிலைக்காது. 2020, 2022 ஆகிய இரண்டு வருடங்களையும் அந்தக் கொம்பனி எப்படிக் கடந்தது என்பதை அவசியம் பாருங்கள்.

ஏன் அந்த இரண்டு வருடம்? 2020 மார்ச்சில் மூடிய கொழும்பு பங்குச் சந்தை மே 11 வரை திறக்கவில்லை. அந்த மே மாதமே வங்கிகள் காசுப் பங்குலாபம் அறிவிப்பதை மத்திய வங்கி மட்டுப்படுத்தியது. "வங்கிப் பங்கு, கட்டாயம் தரும்" என்று இருந்தவர்களுக்கு அந்த வருடம் பெரிய பாடம். 2022 தொடக்கத்தில் 13,000 ஐத் தாண்டிய அனைத்துப் பங்கு விலைச் சுட்டி சில மாதங்களில் 8,000 க்குக் கீழே போனது. ஏப்ரலில் சந்தை மறுபடியும் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு தேவைப்பட்டவர் என்ன செய்திருப்பார்?

திருகோணமலைக்காரருக்குக் கண்முன்னே தெரியும் கொம்பனிகளில் ஒரு பற்று இருக்கும். சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, அது பட்டியலிடப்பட்ட கொம்பனி. எண்ணெய்க் குதங்களில் 14 ஐ வைத்திருக்கும் லங்கா ஐஓசியும் 2004 முதல் பட்டியலில் உள்ளது. பிறீமா மாவாலை பெரிதாகத் தெரிந்தாலும் அதை நடத்தும் பிறீமா சிலோன் பட்டியலில் இல்லை, அதே குழுமத்தின் சிலோன் கிரெய்ன் எலிவேற்றர்ஸ் போன்றவைதான் உண்டு. தினமும் பார்க்கிறோம் என்பது வாங்கப் போதிய காரணம் ஆகாது. கட்டட வேலை நின்றால் சீமெந்து விற்காது, எரிபொருள் விலையில் அரசின் கை எப்போதும் உண்டு. இரண்டின் இலாபமும் ஏறி இறங்கும். அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறவர் என்றால் சம்பளமும் பங்குலாபமும் ஒரே நாளில் நின்றுபோகும் ஆபத்தை ஏன் தேடிப் போவான்?

இலாபத்தில் பெரும் பகுதியைப் பங்குலாபமாகவே கொடுத்துவிடும் கொம்பனி என்றால் முதலில் வாயில் வருவது சிலோன் டொபாக்கோ. தருகிறார்கள், ஒழுங்காகவும் தருகிறார்கள். புகையிலைக் காசு வேண்டாம் என்பவர்கள் விட்டுவிடலாம், நானும் அந்தக் கட்சிதான்.

வருமானத்துக்காக வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விடயம், வாக்குரிமையற்ற பங்கு. டோக்கியோ சீமெந்து, கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி ஆகியவற்றுக்கு இரண்டு வகைப் பங்கும் உண்டு. குறியீட்டின் பின்னால் எக்ஸ் இருந்தால் வாக்குரிமை இல்லை. அதன் விலை வழக்கமாகக் குறைவு, பங்குலாபம் ஒன்றே. அதனால் போட்ட காசுக்கு வீதம் கூட. பொதுக்கூட்டத்தில் கை தூக்கும் ஆசை இல்லாதவருக்கு இது நல்ல பேரம். விற்கும்போது வாங்க ஆள் குறைவாக இருப்பார்கள் என்பதுதான் குறை.

இன்னொன்று, எக்ஸ்டி திகதி. அந்தத் திகதிக்கு முன் வாங்கினால்தான் அறிவித்த பங்குலாபம் உங்களுக்கு. அதற்காக முதல் நாள் ஓடிப்போய் வாங்குவதில் பயன் இல்லை. எக்ஸ்டி அன்று விலை ஏறத்தாழ அவ்வளவுக்கு இறங்கிவிடும், உங்களுக்கு மிஞ்சுவது 15 வீத வரி.

பங்குகளைப் பதிந்து வைக்கும் சி.டி.எஸ். கணக்கைத் தரகர் ஊடாகவோ பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியிலோ திறக்கலாம், கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சரியாகப் பதியுங்கள். பதியாவிட்டால் பங்குலாபம் காசோலையாகத் தபாலில் வரும். பாலையூற்றில் வீடு மாறி உவர்மலைக்குப் போனவருக்குப் பழைய விலாசத்துக்கு 85 ரூபாய்க் காசோலை போய்க் கொண்டிருக்கும். அதை மாற்றும் காலமும் கடந்துவிடும். கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காகத் திறப்பது பின்னால் பல அலைச்சலைக் குறைக்கும்.

யூனிட் ட்ரஸ்ட்

1991 முதல் இலங்கையில் இயங்கிவந்தும் நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று. பலரின் காசைச் சேர்த்து, பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற முகாமையாளர் முதலிடுகிறார். சொத்து அவர் கையில் இருக்காது, நம்பிக்கைப் பொறுப்பாளரான வங்கியிடம் இருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. பணச் சந்தை நிதியம் குறுகிய கால வைப்பிலும் உண்டியலிலும் போடும். பெறுமதி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், எடுக்க நினைத்தால் சில வேலை நாட்களில் காசு வந்துவிடும், முறிப்பு வெட்டு இல்லை. பங்கு நிதியம் பங்குகளையே வாங்கும். 2022 போல ஒரு வருடம் வந்தால் அதுவும் சேர்ந்தே விழும். ஆனால் ஐந்து இலட்சத்தோடு வருபவர் தானாக இருபது கொம்பனிகளில் பரப்ப முடியாது, நிதியம் அதைச் செய்துகொடுக்கும்.

பெரும்பாலான நிதியங்கள் பங்குலாபம் என்று பகிர்ந்து தருவதில்லை, இலாபம் அலகின் விலையில் ஏறிவிடும். வருமானம் வேண்டுமென்றால் மாதா மாதம் சில அலகுகளை விற்க வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு, திகதியையும் தொகையையும் நீங்களே தீர்மானிக்கலாம். ஆபத்தும் அதிலேயே உண்டு. விலை விழுந்த வருடத்தில் அதே தொகையை எடுக்கக் கூடுதல் அலகுகளை விற்பீர்கள், அவை திரும்பி வராது. முகாமைக் கட்டணத்தைத் தனியாகப் பற்றுச்சீட்டில் காண மாட்டீர்கள், விலையிலேயே கழித்துவிடுவார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

வட்டி வேண்டாம் என்பவர்கள்

வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் இருந்து கேட்கும் முஸ்லிம்களுக்கு மேலே சொன்ன ஒப்பீட்டின் பாதி பொருந்தாது. வைப்பு வட்டியும் உண்டியலும் முறியும் கணக்கிலேயே இல்லை. அவர்களுக்குப் பங்குலாபம் இயல்பான தெரிவு, ஆனால் வட்டி வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் பட்டியலில் இருந்து போய்விடும். மீதமுள்ளதிலும் கொம்பனி எவ்வளவு வட்டிக் கடனில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மாதாந்தத் தேவைக்கு அமானா வங்கி போன்ற இடத்தின் இலாபப் பகிர்வுக் கணக்கையும், நீண்ட காலத்துக்கு ஷரீஆ முறைப்படி வடிகட்டிய பங்குகளையும் சேர்த்து வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

யாருக்கு எது?

ஓய்வூதியம் இல்லாத, 60 தாண்டிய, இந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும் என்பவர்: 30 இல் 25 இலட்சத்தை மூன்று இடத்து வைப்பாக, வேறு வேறு மாதங்களில் முதிர்வடையும்படி போடுங்கள். 5 இலட்சம் பணச் சந்தை நிதியத்தில், மருந்துக்கும் கூரைத் திருத்தத்துக்கும். பங்கு வேண்டாம். தூக்கம் கெட்டுச் சேரும் 4.25 வீதம் எதற்கு?

அரச ஓய்வூதியம் மாதா மாதம் வருகிறது, வாடகை இல்லை, பிள்ளைகள் உழைக்கிறார்கள் என்றால் நிலைமை வேறு. அன்றாடச் செலவு ஏற்கெனவே ஓடுகிறது. 10 இலட்சம் வரை பங்கில் போடலாம், ஒரே நாளில் போடாமல் ஒரு வருடத்தில் நான்கைந்து தடவையாக, வேறு வேறு துறைகளில் ஆறேழு கொம்பனிகளாக. வரும் பங்குலாபத்தைச் செலவழிக்காமல் முதல் சில வருடம் மறுபடி பங்கே வாங்கினால் பிறகு வரும் தொகை கவனிக்கத்தக்கதாக இருக்கும்.

40 களில், வேலையில் இருப்பவருக்கு நான் தயங்காமல் பங்கு நிதியத்தையும் பங்குகளையும் சொல்வேன். வருமானம் இன்று தேவையில்லை, காலம் கையில் இருக்கிறது.

உப்புவெளியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடலாமே என்றும் கேட்கிறார்கள். அது முதலீட்டைவிடத் தொழில். மே முதல் செப்டம்பர் வரை ஆள் வரும், வாடைக் காற்று மாதங்களில் அறை சும்மா கிடக்கும், உப்புக் காற்று ஏசியைத் தின்னும். விடியக் காலை எழுந்து துணி மாற்ற ஆள் இருந்தால் செய்யுங்கள்.

மாதம் 5 வீதம் தருகிறோம் என்று வட்ஸ்அப்பில் வருபவர்கள் இந்த ஒப்பீட்டிலேயே இல்லை. வருடத்துக்கு 60 வீதத்தை நேர்மையாக உழைத்துத் தரும் தொழில் இருந்தால் அவர்கள் உங்கள் காசைத் தேடி வர மாட்டார்கள்.

வீட்டு நகை அடகில் இருந்தால் மேலே உள்ள எதையும் தொடங்க முன் அதை மீளுங்கள். அடகு வட்டி வைப்பு வட்டியைவிடக் கூட, பங்குலாபத்தைவிட அதிலும் கூட. 4 இலட்சத்துக்கு அடகு வைத்த சங்கிலியை மீட்டால் மிச்சமாகும் வட்டிக்கு வரியும் இல்லை, தரகும் இல்லை.